கிணற்றடிப் பட்டிப்பூவும் புற்றுநோய் மருந்தும்

பட்டிப்பூவை அறியாதவர் எம்மில் யாருமில்லை. நித்தியகல்யாணி என்றும் சொல்வோம். விட்டு வந்த வீட்டின் கிணற்றடியில் நின்ற அதே செடி, இன்று தற்காலிகக் கொட்டிலின் ஓரத்திலும் பூத்து நிற்கிறது. “இதிலிருந்துதானே புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார்கள்? நாங்களே இலையை அவித்துக் குடித்தால் என்ன?” என்று ஒரு தாய் எம்மிடம் கேட்டார். அவர் சொன்னதில் முதற்பாதி உண்மை. மறுபாதி ஆபத்தானது.

1952 இல் ஜமேக்காவிலிருந்து ஒரு வைத்தியர், கனடாவிலிருந்த டொக்டர் கிளார்க் நோபிளுக்கு 25 பட்டிப்பூ இலைகளைக் கடித உறையில் இட்டு அனுப்பினார். அங்குள்ள மக்கள் நீரிழிவுக்கு அவ்விலையை அவித்துக் குடித்து வந்தனர். கிளார்க்கின் சகோதரர் றொபேட் நோபிள் அதன் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். வாய்வழி கொடுத்தபோது இரத்தத்தில் சீனி குறையவில்லை. ஊசி மூலம் ஏற்றியபோதோ எலிகள் சில நாட்களில் கிருமி தொற்றி இறந்தன. கிருமிகளை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் அவற்றின் உடலில் வெகுவாகக் குறைந்திருந்தன.

இரத்தப் புற்றுநோயில் இந்தக் கலங்களே கட்டுப்பாடின்றிப் பெருகுகின்றன. எனவே எலியைக் கொன்ற பொருளே நோயாளிக்கு உதவக்கூடும் என ஆய்வாளர்கள் சிந்தித்தனர். நோபிளும் சார்ள்ஸ் பியரும் 1958 அளவில் வின்பிளாஸ்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்தனர். அமெரிக்காவில் ஈலை லில்லி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதே செடியிலிருந்து வின்கிறிஸ்ரினைக் கண்டனர். 1963 இல் அங்கு அதற்கு அனுமதி கிடைத்தது. இன்றும் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு வேறு மருந்துகளுடன் சேர்த்து அது கொடுக்கப்படுகிறது.

அப்படியானால் இலையை அவித்தால் என்ன? ஒரு கிராம் மருந்துக்கே நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். நோயாளிக்கு ஏற்றுவது மில்லிகிராம் கணக்கில்தான். அளவு சற்றுக் கூடினாலும் நரம்புகள் பாதிக்கப்படும். கசாயத்தில் எந்தப் பொருள் எவ்வளவு உண்டென்று எவராலும் சொல்ல முடியாது.

கமக்காரருக்கு இது விளங்காத விடயமல்ல. களையை மட்டும் கொல்லும் மருந்து நல்லது. நெல்லையும் சேர்த்துக் கொல்வதால் பயனில்லை. ஆய்வுகூடக் கிண்ணத்திலுள்ள புற்றுநோய்க் கலங்களைக் கொதிநீரும் கொல்லும். ஆகவே மூலிகைச் சாறு முதலில் கலங்களிலும், பின் விலங்குகளிலும், இறுதியில் படிப்படியாக மனிதரிலும் பரிசோதிக்கப்படுகிறது. ஒரு பாத்திக்குப் புதுப்பசளை இட்டு, அடுத்த பாத்தியை முன்போலவே விட்டு ஒப்பிடுவது போல, மருந்து பெற்றோரும் பெறாதோரும் ஒப்பிடப்படுகின்றனர். பெரும்பாலான சாறுகள் இவ்வழியில் இடையிலேயே நின்றுவிடுகின்றன.

எமது நாட்டிலும் இம்முயற்சி உண்டு. சுதேச வைத்தியக் குடும்பமொன்று பயன்படுத்தி வந்த கருஞ்சீரகம், நன்னாரி வேர், பறங்கிப்பட்டை சேர்ந்த குடிநீரை இலங்கை ஆய்வாளர்கள் 2000 ஆம் ஆண்டுகளில் சோதித்தனர். எலிகளின் ஈரலில் புற்றுநோய்க்கு முந்திய மாற்றங்களை அது குறைத்தது. இது நம்பிக்கை தரும் செய்தியே. ஆயினும் எலியில் கண்டது மனிதரில் நிரூபணமாகாது.

பரியாரியாரின் அறிவை நாம் இகழவில்லை. ஜமேக்காவின் அந்தக் கைமருந்து இல்லாவிட்டால் நோபிளின் கைக்கு இலை போயிருக்காது. ஆனால் மார்பில் கட்டி, வாயில் இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண் அல்லது வெள்ளைத் தழும்பு, காரணமின்றி இரத்தம் போதல் ஆகியன கண்டால் கசாயத்தோடு காலம் கடத்த வேண்டாம். வெற்றிலையும் புகையிலையும் போடுவோர் வாயை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். உடனே அண்மையிலுள்ள வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மூலிகை ஏதும் எடுத்தால் அதை டொக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர் தரும் மருந்துடன் அது மோதக்கூடும்.

பட்டிப்பூ முற்றத்தில் பூக்கட்டும். அதன் மருந்தை வைத்தியசாலையில் பெறுவோம்.