கொட்டிலிற் கிடக்கும் இளமை

கோடிப்புறத்துக் கொட்டிலிலே பழைய சைக்கிள் ஒன்று சாத்திக் கிடவாத வீடு யாழ்ப்பாணத்தில் அருமை. முன்சில்லிற் காற்று இல்லை. பின்சில்லின் ரயர் வெடித்துக் கிடக்கிறது. சீற்றின் தோலை எலி பதம் பார்த்திருக்கிறது. கரியரின் மேல் யாரோ விறகுக் கட்டொன்றை ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஆயினும், பழைய இரும்பு வாங்குபவனுக்கு அதனைக் கொடுத்துவிடலாம் என்று எவராவது வாய் திறந்தால் வீட்டுப் பெரியவர், "அது கிடக்கட்டும்" என்று ஒரே சொல்லிற் பேச்சை முடித்துவிடுவார். ஏன் கிடக்க வேண்டும் என்று கேட்டால் அவராலும் எளிதில் விடை கூற முடிவதில்லை.

விடை கூறாமலே செய்து காட்டியவர்கள் சிலர் உண்டு. விறகுக் கட்டை இறக்கி வைத்து, ரயரையும் ரியூப்பையும் மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டு, அறுபதைக் கடந்த வயதிலே மறுபடியும் சைக்கிளில் ஏறியவர்கள் அவர்கள். அத்தகையோரைப் பற்றியும், ஏற விரும்பியும் தயங்கி நிற்போரைப் பற்றியுமே இங்கு சில கூற விழைகிறோம்.

துவிச்சக்கரவண்டிக்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. குன்றுகளே இல்லாத சுண்ணாம்புக்கற் பூமி. ஒரு சந்தியிலிருந்து மறு சந்தி அதிக தூரமில்லை. ஒழுங்கைகளோ மோட்டார் வண்டி நுழைய மாட்டாத அளவுக்கு ஒடுங்கியவை. இவ்வாறான நிலத்துக்கு இதைவிடப் பொருத்தமான வாகனம் வேறு எது? உத்தியோகம் கிடைத்த வாலிபன் முதலிலே ஆசைப்பட்டது ஒரு றலி சைக்கிளுக்குத்தான். ஆசிரியர் பாடசாலைக்குப் போனதும், கமக்காரர் மரக்கறி மூட்டையைச் சுன்னாகம் சந்தைக்குக் கொண்டு சென்றதும், தகப்பன் பிள்ளையைப் பாரில் இருத்திக் கோயில் திருவிழாவுக்குக் கூட்டிப் போனதும் சைக்கிளிலேயே. 

பின்னர் யுத்தம் வந்தது. 1990ஆம் ஆண்டின் பின் எரிபொருளும் மின்சாரமும் இன்றிக் குடாநாடு தவித்த ஆண்டுகளிலே சைக்கிள் வெறும் வாகனமாக மட்டும் இருக்கவில்லை. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றது அது. விறகையும் நெல்லையும் ஏற்றி வந்தது அது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையினாற் சுற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தைக் கொண்டு வானொலிச் செய்தி கேட்ட வீடுகள் எத்தனை! 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவிலே தென்மராட்சியை நோக்கி இடம்பெயர்ந்தபோது, மழையிலே மூட்டை முடிச்சுகளுடன் தள்ளிச் செல்லப்பட்ட சைக்கிள்களை அதனைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். ரியூசனுக்குப் போகவென்று அக்காலத்திற் சைக்கிள் பழகிய பெண்பிள்ளைகளின் தொகையும் பெரிது. அவர்களும் இன்று ஐம்பது வயதை எட்டியும் கடந்தும் விட்டார்கள். கலியாணத்தோடும் பிள்ளை வளர்ப்போடும் சைக்கிளை விட்டவர்கள் அவர்களுட் பலர்.

இவ்விடத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தலைமுறையினர் சைக்கிள் மிதித்தது பெரும்பாலும் தேவைக்காகவே, இன்பத்துக்காகவன்று. தேவை தீர்ந்ததும், மோட்டார் சைக்கிளும் ஓட்டோவும் மலிந்ததும், பழைய வண்டி கொட்டிலுக்குப் போயிற்று. பொழுது புலரும் வேளையிலே, எங்கும் போய்ச் சேரவேண்டிய அவசரமின்றி, ஏற்றுவதற்கு மூட்டையுமின்றி, வெறுங்கரியருடன் மிதித்துப் போகும் சுகத்தை அவர்களிற் பலர் தமது வாலிபத்திலே அறிந்ததில்லை. ஆகவே "இழந்த இளமையை மீட்கிறார்கள்" என்று சொல்வதுகூட முற்றிலும் பொருந்தாது. அன்று கைக்கு வராத ஒன்றைச் சற்றுப் பிந்திப் பெற்றுக்கொள்கிறார்கள் என்பதே பொருத்தம்.

மறுபடி ஏறுவதற்கு ஒரு சந்தர்ப்பத்தையும் காலமே தந்தது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே இலங்கை முழுவதும் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றது. அவ்வாண்டு ஜூன் மாத இறுதியிலே அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தது. கொழும்பிலும் கண்டியிலும் புதுச் சைக்கிளின் விலை ஏறிக்கொண்டே போனது. யாழ்ப்பாணத்தவருக்கோ கொட்டிலைத் திறப்பதே போதுமானதாயிற்று. வரிசைகள் மறைந்த பின்னர் பலர் மோட்டார் சைக்கிளுக்குத் திரும்பினர். ஒரு சிலர் திரும்பவில்லை. நாம் கூறவந்தது அந்தச் சிலரைப் பற்றியே.

ஆனால் அவர்களுக்கு எதிரி வெளியில் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. அதன் பெயர் அன்பு.

"அப்பா, இந்த வயதிலை உங்களுக்கு ஏன் உந்தச் சைக்கிள்? விழுந்து கிழுந்து போனால் ஆர் பார்க்கிறது? ஓட்டோவுக்குச் சொன்னால் வந்து ஏத்திக்கொண்டு போவான்தானே!"

கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் தொலைபேசி வழியே வரும் இந்தக் குரலிலே கபடம் இல்லை. இடுப்பெலும்பு முறிந்தால் வயோதிகருக்கு நேரும் துன்பத்தை அறிந்த பிள்ளையின் நியாயமான அச்சம் அது. ஆயினும் தகப்பனின் பக்கத்திலிருந்தும் ஒருமுறை அதைக் கேட்டுப் பார்க்க வேண்டாமா? முதலிலே மோட்டார் சைக்கிளை ஓடவேண்டாம் என்றார்கள். பிறகு கிணற்றிலே தண்ணீர் அள்ளவேண்டாம் என்றார்கள். பின்னர் சந்தைக்குத் தனியே போகவேண்டாம் என்றார்கள். ஒவ்வொன்றும் அன்பினாலேயே விலக்கப்பட்டது. முடிவிலே அவருக்கு மிஞ்சியது விறாந்தையும் சாய்மனைக் கதிரையுமே. நினைத்த நேரத்தில், நினைத்த திசைக்கு, எவரையும் கேளாது புறப்படும் உரிமையே மனிதனுக்கு வாலிபத்தின் சாரம் என்று நாம் கருதுகிறோம். நரை வந்ததனால் அது போவதில்லை. பிறர் கையிலே திறப்பைக் கொடுக்கும்போதுதான் போகிறது.

முதிர்ந்த வயதிலே சைக்கிள் ஏறியவர்களின் வரலாறு சுவையானது. ரஷ்ய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் சைக்கிள் பழகியது 1895ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது ஏறக்குறைய 67. உலகம் முழுதும் ஞானியென்று போற்றிய ஒருவர், மொஸ்கோ நகரிலே இளைஞர்கள் நடுவில் இரண்டு சில்லுகளின் மேல் தள்ளாடிக்கொண்டிருந்தார்! அதே ஆண்டின் ஆரம்பத்திலேதான் அவருடைய கடைசி மகன், ஏழு வயதும் நிரம்பாத குழந்தை, நோயினால் இறந்திருந்தது. துயரத்துக்கும் சைக்கிளுக்கும் இடையிலான தொடர்பை நாம் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் அமெரிக்க மாதர் இயக்கத் தலைவி பிரான்சிஸ் வில்லார்ட் அம்மையாரும், 1892இல் தம் அன்னையை இழந்து உடலும் உள்ளமும் தளர்ந்திருந்த காலத்திற்குப் பின்னரே, 53ஆம் வயதிலே சைக்கிள் பழகத் தொடங்கினார் என்பதைச் சேர்த்து நோக்கும்போது உள்ளம் சற்று நின்று யோசிக்கிறது. நாள்தோறும் சராசரி கால் மணி நேரமாக, ஏறக்குறைய மூன்று மாதங்கள் பழகினார் அம்மையார். தம் வண்டிக்குக் கிளாடிஸ் என்று பெயரும் வைத்தார். அந்த அனுபவத்தை 1895இல் ஒரு சிறு நூலாகவும் வெளியிட்டார்.

இவர்கள் இருவரும் புதிதாகப் பழகியவர்கள். விட்ட இடத்திலே மறுபடி தொடங்கியவர்களுக்கு முதல்வராக நாம் கொள்ளத்தக்கவர் பிரெஞ்சுக்காரரான ரொபேர் மார்ஷான். 1911ஆம் ஆண்டு பிறந்த இவர், சிறு பராயத்திலே பந்தய வீரராக விரும்பினார். "உன் உயரத்துக்கு இது சரிவராது" என்று பயிற்சியாளர் ஒருவர் கைவிரித்துவிட்டார். மனிதரின் உயரம் ஏறக்குறைய ஐந்தடிதான். அதன்பின் தீயணைக்கும் வேலை, வெனிசுவேலாவிலே லொறி ஓட்டம், கனடாவிலே மரந்தறிப்பு என்று வாழ்வு அவரை எங்கெங்கோ இழுத்துச் சென்றது. சைக்கிளை அவர் மீண்டும் முறையாகத் தொட்டபோது வயது 67 ஆகிவிட்டது. நம்மவர்கள் ஓய்வூதியப் பத்திரத்தைப் பத்திரப்படுத்தும் வயது! 2012இல், நூறு வயது நிரம்பிய பின்னர், சுவிட்சர்லாந்திலே ஒரு மணி நேரத்தில் 24 கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் காட்டினார். இரண்டு ஆண்டுகளின் பின், 102ஆம் வயதிலே, அதே ஒரு மணி நேரத்தில் 26.927 கிலோமீற்றர் ஓடினார். ஆம், வயது ஏறியது, தூரமும் ஏறியது. 105ஆம் வயதிலும் ஒருமுறை ஓடி, 22.547 கிலோமீற்றரைக் கடந்தார். 2021இல், 109ஆம் வயதிலேயே அவர் காலமானார்.

இந்த விந்தையை விஞ்ஞானிகள் சும்மா விட்டுவிடவில்லை. பேராசிரியை வெரோனிக் பில்லா என்பவர் மார்ஷானின் உடலை 101ஆம் வயதிலும் 103ஆம் வயதிலும் பரிசோதித்தார். முழு முயற்சியின்போது உடல் பயன்படுத்தக்கூடிய பிராணவாயுவின் அளவு, நடுத்தர வயதின் பின் பத்தாண்டுக்குச் சுமார் 10 வீதம் குறைந்து செல்வது இயற்கை. முறையான பயிற்சியின் பயனாக மார்ஷானுக்கு அது அவ்விரண்டு ஆண்டுகளில் 13 வீதம் கூடியிருந்தது! அப்பயிற்சியும் மூர்க்கமானதன்று, பெரும்பகுதி மெதுவான ஓட்டம், சிறுபகுதியே கடினமான ஓட்டம்.

2018இல் வெளியான பிரித்தானிய ஆராய்ச்சி ஒன்றும் குறிப்பிடத்தக்கது. 55 முதல் 79 வயது வரையான 125 சைக்கிளோட்டிகளை ஆராய்ந்தபோது, அவர்களுடைய தசை வயதோடு பெரிதும் தேய்ந்திருக்கவில்லை. நோயெதிர்ப்புக்குரிய சில அணுக்களும் வாலிபருடையவைபோற் பெருகிக்கொண்டிருந்தன. ஆனால் இங்கே நாம் அவசரப்படலாகாது. அவர்கள் இடைவிடாது பல ஆண்டுகள் ஓடிவந்தவர்கள். அவ்விதியை நாற்பது ஆண்டுகள் சைக்கிளைத் தொடாதவருக்கு அப்படியே பொருத்த முடியாது. மார்ஷானும் ஒரு தனி மனிதரே. எனினும், முதிர்ந்த உடல் பயிற்சிக்கு இணங்கும் என்பதை அவர் ஐயமறக் காட்டிச் சென்றிருக்கிறார்.

சமநிலை மறந்துபோயிருக்குமோ என்று பலர் அஞ்சுகின்றனர். அந்த அச்சம் வேண்டியதில்லை. ஒருமுறை பழகிய அந்தச் சூட்சுமத்தைச் சிறுமூளை நெடுங்காலம் காத்து வைத்திருக்கிறது. நூறு யார் ஓடியதும் அது மீண்டுவிடும். முழங்கால் நோவுள்ளவர்களுக்கும் நடையைவிட இது சிரமம் குறைந்தது. உடற்பாரத்தைச் சீற் தாங்கிக்கொள்கிறது அல்லவா? ஆனால் அதே காரணத்தினாலேயே எலும்பு வலுப்பெறுவதற்குச் சைக்கிள் மட்டும் போதாது. சற்று நடக்கவும் வேண்டும்.

உண்மையான ஆபத்து எங்கே இருக்கிறது? ஓடும்போது இருப்பதைவிட ஏறும்போதும் இறங்கும்போதுமே இருக்கிறது. வில்லார்ட் அம்மையார் முதலிலே மிதிக்கவும், அடுத்துத் திருப்பவும், பின்னர் இறங்கவும் பழகி, கடைசியாகவே தாமாக ஏறப் பழகினார். முதியோர் பெருந்தொகையாகச் சைக்கிள் ஓடும் நெதர்லாந்து தேசத்திலும் இதே இடறலை ஆராய்ச்சியாளர் கண்டிருக்கின்றனர். பாருக்கு மேலாற் காலை வீசி ஏறுவது இருபது வயதுக்கு அழகு, எழுபதுக்கு வினை. ஆகவே பார் இல்லாத லேடீஸ் சைக்கிளே முதியவர்களுக்கு உகந்தது. "பொம்பிளையளின்ரை சைக்கிளிலையோ?" என்று நமது பெரியவர்கள் முகஞ்சுளிப்பதை நாம் அறிவோம். இடுப்பெலும்பைவிட மீசை பெரிதன்று என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லி வைப்போம்.

சீற்றின் உயரத்தையும் கவனிக்க வேண்டும். பெடல் கீழே வரும்போது முழங்கால் சற்றே மடிந்திருக்க வேண்டும். தொடக்கத்தில் சில நாட்களுக்கு இரண்டு பாதமும் நிலத்திலே படும்படி அதைத் தாழ்த்தி வைத்தாலும் குற்றமில்லை. புதிய பிறேக் கட்டைகள், தலைக்கவசம், பின்னால் வருபவன் காணத்தக்க சிவப்பு விளக்கு ஆகிய மூன்றுக்கும் பிள்ளைகள் பணம் அனுப்பட்டும். தடுப்பதிலும் பார்க்க அது நல்ல அன்பு. நெஞ்சுநோ, தலைச்சுற்று, பார்வைக் குறைவு உள்ளவர்கள் முதலில் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது அவசியம். பெருந்தெருவிலே மோட்டார் சைக்கிளில் பறக்கும் இளவட்டங்களை வைத்தியரும் திருத்த முடியாது. ஆதலால் காலை ஆறு மணிக்கு முன்பின்னாக, உள்ளொழுங்கைகளிலே ஓடுவதே புத்தி. முதல் வாரத்தில் பத்து நிமிடம் போதும்.

கால் பழகி, சற்றுத் தூரம் போகலாம் என்ற துணிவு வந்தபின் காற்றைப் பார்த்துப் புறப்படவேண்டும். மலையில்லாத நம் நாட்டிலே காற்றுத்தான் மலை. யாழ்ப்பாண நகரத்தில் இருப்பவர்கள் சோளகக் காலத்திலே பண்ணைப் பாலத்தை நோக்கிப் போவது நன்று. கால் களைக்காத வேளையில் எதிர்காற்றை முடித்துக்கொண்டால், திரும்பும்போது அதுவே முதுகிலே கை வைத்துத் தள்ளிவிடும். வல்லை வெளிப் பக்கத்தை வாடைக் காலத்துக்கென்று வைத்துக்கொள்ளலாம்.