முத்திரையும் முத்தும்

"அக்கா, இனிமே முகத்தைக் காட்டினாத்தான் கேட் திறக்குமாம். இது மிருகத்தோட முத்திரைதானே?"

எங்கள் விடுதியில் தங்கியிருக்கும் நாகர்கோவில் பக்கத்துப் பெண் கேட்ட கேள்வி இது. ஒரகடத்தில் வண்டி உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் அவளுக்குக் காண்ட்ராக்ட் வேலை. விரலை வைத்து வருகை பதிந்தவரை அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கேமரா வந்ததும் பயந்துவிட்டாள். ஊரிலிருந்து யாரோ அனுப்பிய பிரசங்க வீடியோ அந்தப் பயத்தை வளர்த்துவிட்டிருந்தது. முகம் பதியாவிட்டால் வருகை இல்லை. வருகை இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷம், 13-ஆம் அதிகாரத்தில் சொல்வதும் அதைத்தானே? வலது கையிலோ நெற்றியிலோ மிருகத்தின் முத்திரை இல்லாதவரால் வாங்கவும் முடியாது, விற்கவும் முடியாது. அந்த மிருகத்தின் எண் 666.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் போகும் சாலையில், மாத்தூர் பக்கம், பெண் தொழிலாளர் விடுதி ஒன்றுக்கு நான் வார்டன். சொந்த ஊர் தூத்துக்குடி மாவட்டம் சாயர்புரம். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் படித்தவள். ஞாயிறு மாலை, ஏ ஷிஃப்ட் பெண்கள் தூங்கி எழுந்து, சி ஷிஃப்ட் பெண்கள் இன்னும் பஸ் ஏறாமல் இருக்கும் நேரத்தில் மொட்டைமாடியில் வேதபாடம் நடத்துகிறேன். திண்டுக்கல், விழுப்புரம், தென்காசிப் பெண்கள் வருவார்கள். ஒடிசாப் பெண்கள் சிலரும் வருவார்கள். கிறிஸ்தவர் அல்லாதவர்களும் வந்து உட்காருவதுண்டு. கடைசிக் காலம் என்றால் எல்லோருக்கும் காது நிமிர்ந்துவிடும்.

அந்தப் பெண்ணின் பயத்தை நான் அலட்சியமாக நினைக்கவில்லை. ஒரு கருவி தன் முகத்தை எடுத்து எங்கோ வைத்துக்கொள்கிறது, அதைக் கொடுக்காவிட்டால் சோறு இல்லை என்றால், எவருக்கும் மனம் கலங்கத்தான் செய்யும். ஆனால் இந்தப் பயம் எத்தனையோ பொருள்களின்மேல் உட்கார்ந்து எழுந்துவிட்டது. 1980-களில் அமெரிக்காவில் அது கடைப் பொருள்களின் பார்கோடு மேல் உட்கார்ந்தது. கோடுகளுக்குள் மூன்று ஆறுகள் ஒளிந்திருப்பதாகப் புத்தகம் எழுதி விற்றார்கள். 2010-இல் ஆதார் வந்தபின் அதன்மேல் தாவியது. மிசோரமில் சில கிறிஸ்தவர்கள் இதே காரணத்துக்காக ஆதாரில் சேர மறுத்தார்கள். பிறகு கொரோனா தடுப்பூசி. இப்போது எங்கள் பெண்களின் தொழிற்சாலை வாசல். இப்படி வாசிக்கிறவர்கள் ஒரு கூட்டத்தை மட்டும் எப்போதும் மறந்துவிடுகிறார்கள்: இந்தப் புத்தகம் யாருக்கு எழுதப்பட்டதோ, அந்த ஜனங்களை.

அவர்கள் ஏழு ஊர்க்காரர்கள். எபேசு, சிமிர்னா, பெர்கமு, தியத்தீரா, சர்தை, பிலதெல்பியா, லவோதிக்கேயா. எல்லாம் இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ஊர்கள். ரோமப் பேரரசன் தொமித்தியன் ஆண்ட காலத்தின் கடைசியில், கி.பி. 95-ஐ ஒட்டி, பத்மு என்ற சின்னத் தீவிலிருந்து யோவான் என்பவர் இதை அவர்களுக்கு எழுதியதாகப் பெரும்பாலான ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த ஊர்களைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு ஒரகடம்தான் கண்முன் வந்தது. லவோதிக்கேயா கருநிறக் கம்பளி நெசவுக்கும் வட்டித் தொழிலுக்கும் பெயர்போன பணக்கார ஊர். கி.பி. 60-இல் நிலநடுக்கத்தில் இடிந்தபோது ரோமின் உதவி வாங்காமல் தன் சொந்தப் பணத்தில் எழுந்து நின்றது. அதன் பக்கத்தில் இன்றிருக்கும் தெனிஸ்லி நகரமும் துணி ஏற்றுமதி ஊர்தான். தியத்தீராவில் சாயக்காரர், கம்பளிக்காரர், தோல் பதனிடுவோர், குயவர், கன்னார், ரொட்டி சுடுவோர் என்று தொழிலுக்கொரு சங்கம் இருந்ததை அங்கே கிடைத்த கல்வெட்டுகள் காட்டுகின்றன. அப்போஸ்தலர் நடபடிகளில் வரும் இரத்தாம்பரம் விற்ற லீதியாள் அந்த ஊர்க்காரிதான்.

சங்கத்தில் இருந்தால் விருந்துக்குப் போக வேண்டும். விருந்தில் சங்கத்தின் தெய்வத்துக்கும் பேரரசனுக்கும் படையல் உண்டு. போகாதவனுக்குச் சரக்குக் கொடுப்பார் யார், வாங்குவார் யார்? கையில் புழங்கும் காசிலும் பேரரசனின் தலை, அவனைத் தெய்வமாக்கும் பட்டங்கள். கி.பி. 112 வாக்கில் பித்தினியா மாகாணத்தின் ரோம ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் என்று பிடித்து வந்தவர்களைப் பேரரசன் சிலைக்குமுன் தூபமும் திராட்சரசமும் படைக்கச் சொல்லிச் சோதித்ததாகத் தன் கடிதத்திலேயே எழுதியிருக்கிறார். வாங்குவதும் விற்பதும் வணக்கத்தோடு பிணைந்துகிடந்த சந்தை அது. முத்திரை என்று யோவான் எழுதியதை வாசிக்கக் கேட்ட தியத்தீராச் சாயக்காரனுக்குத் தன் பிழைப்பே நினைவுக்கு வந்திருக்கும்.

அடையாளங்களில் ஏன் எழுதினார் என்று பெண்கள் கேட்பார்கள். தேர்தல் நேரத்துக் கேலிச்சித்திரத்தில் ஒரு சூரியனையும் இரண்டு இலைகளையும் வரைந்தால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு யார் யார் என்று தெரியும். இருநூறு வருஷம் கழித்து வேறு தேசத்தில் அதைப் பார்ப்பவர் வானிலை அறிக்கை என்று நினைக்கலாம். யோவானின் மிருகங்களும் கொம்புகளும் அப்படிப்பட்டவை. தானியேல் புத்தகத்தில் சாம்ராஜ்யங்களை மிருகங்களாகக் காட்டும் பழக்கம் முன்பே இருந்தது. யோவான் எழுதியதை வாசிக்கக் கேட்டவர்கள் அதை அறிந்தவர்கள்.

சில பூட்டுகளுக்குச் சாவியைப் புத்தகமே கையில் தருகிறது. ஏழு குத்துவிளக்குகள் ஏழு சபைகள் என்று முதல் அதிகாரமே சொல்லிவிடுகிறது. தூபவர்க்கம் என்றால் பரிசுத்தவான்களின் ஜெபம். திரளான தண்ணீர்கள் என்றால் ஜனக்கூட்டங்கள். ஏழு தலைகள் ஏழு மலைகள் என்று 17-ஆம் அதிகாரத்தில் தூதனே விளக்கம் சொல்கிறான். ஏழு மலைகளின் நகரம் என்றால் அன்றைக்கு யாருக்கும் ரோமாபுரிதான். புத்தகமே தந்த சாவிகளை எடுக்காமல் நேராகச் செய்தித்தாளை எடுத்துவைத்து வாசிப்பதைத்தான் நான் மறுக்கிறேன்.

666-க்கு வருவோம். எபிரெய எழுத்து ஒவ்வொன்றுக்கும் எண்மதிப்பு உண்டு. நம் பழைய தமிழ் எண்களில் க ஒன்றையும் உ இரண்டையும் குறித்ததை அறிந்தவர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. ரோமப் பேரரசன் நேரோவின் பெயரை 'நேரோன் கேசர்' என்று எபிரெய எழுத்தில் எழுதினால் 50, 200, 6, 50, பிறகு 100, 60, 200. பெண்கள் கைப்பேசியில் கூட்டிப் பார்த்தார்கள், 666 வந்தது. லத்தீனில் சொல்வதுபோல் 'நேரோ' என்று எழுதினால் கடைசி 50 போய்விடும், 616 வரும். எகிப்தின் ஆக்சிரிங்கஸில் கிடைத்த பழைய பாப்பிரஸ் துண்டு ஒன்றில் 616 என்றே இருக்கிறது. இரண்டாம் நூற்றாண்டிலேயே சபைத் தந்தை ஐரேனியு அந்த வேறுபாட்டை அறிந்திருந்தார். இரண்டு எண்ணுக்கும் பொருந்தும் ஒரே பெயராக நேரோ நிற்பதால்தான் ஆய்வாளர் பலர் அவனைக் கைகாட்டுகிறார்கள். கி.பி. 68-இல் இறந்துபோன நேரோ மறுபடி வருவான் என்ற வதந்தியும் அக்காலத்தில் உலவியது. ஒரு கொடுங்கோலன் செத்தாலும் அவன் முறை சாகவில்லை என்று சொல்ல யோவானுக்கு அந்தப் பெயர் உதவியிருக்கிறது.

எனக்குப் பெரிதாகப்படும் இடம் இதற்கு அடுத்த வசனம். 13-ஆம் அதிகாரம் 666-இல் முடிகிறது. 14-ஆம் அதிகாரம் திறந்ததும் சீயோன் மலையில் ஆட்டுக்குட்டியானவராகிய கிறிஸ்துவும் அவரோடு இலட்சத்து நாற்பத்து நாலாயிரம் பேரும் நிற்கிறார்கள். அவர்கள் நெற்றியிலும் பெயர் எழுதியிருக்கிறது, பிதாவின் பெயர். சிலர் சொல்வதுபோல் மிருகத்தின் முத்திரை தோலுக்கடியில் வைக்கும் சிப் என்றால், பிதாவின் பெயரும் சிப்தானா? அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை. கையும் நெற்றியும் வந்த இடம் உபாகமம் 6-ஆம் அதிகாரம். கடவுளின் கட்டளையைக் கையில் கட்டிக்கொள், கண்களின் நடுவே வைத்துக்கொள் என்று அங்கே சொல்லியிருக்கிறது. நெற்றி நினைப்பது, கை செய்வது. நம் நினைப்பும் உழைப்பும் யாருக்குச் சொந்தம் என்பதே இரண்டு அதிகாரங்களும் சேர்ந்து கேட்கும் கேள்வி. யாரும் அறியாமல், ஒரு ஊசியிலோ ஒரு கேமராவிலோ, கை தவறி வாங்கிவிடக்கூடியதல்ல அந்த முத்திரை. இதைச் சொன்னபோதுதான் நாகர்கோவில் பெண்ணின் முகம் தெளிந்தது.

நாள் குறிப்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவிதாங்கூரில் ஜஸ்டஸ் ஜோசப் என்ற ஆங்கிலிக்கன் போதகர் இருந்தார். பிறப்பில் ராமையன் என்ற தமிழ்ப் பிராமணர். கீர்த்தனைகள் இயற்றுவதில் வல்லவர். 1870-களின் எழுப்புதலில், 1881-இல் கிறிஸ்து வருவார் என்ற தீர்க்கதரிசனம் பரவ, அதன் தலைவரானார். அந்த ஆண்டு வந்து போனது. வருகை ஆவியில் நடந்துவிட்டது என்று விளக்கம் சொல்லி, அவரது கூட்டம் யுயோமயம் என்ற தனிச்சபையானது. நம்பி வந்த எளியவர்களின் வாழ்க்கைக்கு நேர்ந்த சேதத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கிறது. காத்திருப்பதை நான் குறை சொல்லவில்லை. இங்கிருந்து வண்டலூர் வழியாகப் போனால் இரும்புலியூரில் பெந்தெகொஸ்தே மிஷனின் தலைமையிடம். அதன் ஊழியர்கள் வெள்ளை உடுத்தி, திருமணமும் சொத்தும் இல்லாமல் வருகைக்காகவே வாழ்கிறார்கள். அந்த உறுதியை மதிக்கிறேன். நாளைக் கணக்குப் போட்டு ஏழையின் கையிலிருக்கும் வேலையை உதறச் சொல்வதுதான் எனக்குப் பொறுக்காதது.

ஊரிலிருந்து வந்த அந்தப் பிரசங்க வீடியோ தொடாத அதிகாரம் 18. எங்கள் சாலைக்கு மிக அருகில் வருவது அதுதான். பாபிலோன் என்று பெயர் மாற்றிச் சொல்லப்படும் ரோமாபுரி விழுகிறது. தங்கள் சரக்கை இனி வாங்க ஆளில்லையே என்று வியாபாரிகள் தூரத்தில் நின்று அழுகிறார்கள். அங்கே ஒரு சரக்குப் பட்டியல் வருகிறது. பொன், வெள்ளி, இரத்தினம், முத்து, பட்டு, தந்தம், வெண்கலம், இரும்பு, தூபவர்க்கம், எண்ணெய், கோதுமை, குதிரை, இரதம் என்று கிட்டத்தட்ட இருபத்தெட்டுப் பொருள்கள். கடைசியாக, அடிமைகள், மனித ஆத்துமாக்கள். சரக்கோடு சரக்காக மனிதரையும் எழுதி, எல்லாவற்றுக்கும் கீழே வைத்திருந்தது அந்தச் சந்தை. யோவான் அதை ஒன்றும் விமரிசிக்காமல் அப்படியே வரிசையாக எழுதிக் காட்டுகிறார். ஒரு ஷிஃப்ட்டுக்கு இத்தனை ஆள் என்று மேன்பவர் ஏஜென்சிகள் கணக்குக் கொடுக்கும் ஊரில், அந்தக் கடைசி வரியை விளக்க எனக்கு நேரமே ஆகவில்லை.

பட்டியலில் இருக்கும் முத்து எங்கிருந்து போயிற்று? ரோமின் முத்து ஆசைக்குத் தீனி போட்ட கடல்களில் ஒன்று எங்கள் மன்னார் வளைகுடா. அந்த முதல் நூற்றாண்டில் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய பெரிப்ளூஸ் என்ற கடற்பயணக் குறிப்பு, பாண்டியரின் கொற்கையில் தண்டனைக் கைதிகளை வைத்து முத்துக் குளித்ததைச் சொல்கிறது. இந்தியச் சரக்குக்காக ஆண்டுதோறும் ஐந்து கோடி செஸ்டர்ஸ் காசு போகிறதே என்று புலம்பினார் மூத்த பிளினி. கிறிஸ்தவர்களைச் சோதித்த அந்த ஆளுநருக்கு இவர் தாய்மாமன். கொற்கை எங்கள் மாவட்டம். ரோமாபுரிச் சீமாட்டியின் கழுத்துக்கும் எங்கள் கடலில் மூச்சடக்கிய கைதிக்கும் நடுவே ஓடிய கணக்கைத்தான் யோவான் நியாயத்தீர்ப்புக்குக் கொண்டுவருகிறார் என்று நான் வாசிக்கிறேன்.

2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூரின் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியதை நினைத்துக்கொண்டு, "அப்ப பாபிலோன் அந்தக் கம்பெனிதானாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள். இல்லை என்று உடனே சொன்னேன். ஒரு கம்பெனியின்மேல் பாபிலோன் என்று ஒட்டுவதும், ஆதாரின்மேல் 666 என்று ஒட்டுவதும் ஒரே தவறு. பாபிலோன் யோவானுக்கு முன்பே வீழ்ந்துபோன நகரம். ரோமுக்கு அந்தப் பெயரைக் கொடுத்ததே, இந்தப் போக்கு ஓர் ஊரோடு முடிவதில்லை என்று காட்டத்தான். அது எங்கே நடக்கிறது என்று ஒவ்வொரு தலைமுறையும் தன் வீட்டிலிருந்தே தேடிப்பார்க்க வேண்டும். நான் நடத்தும் விடுதியையும் சேர்த்துத்தான்.

இப்படி வாசித்த பிறகு கேமராவைப் பற்றிய கேள்வி மறைந்துவிடவில்லை, மாறியது. முகம் கொடுத்தால் நரகமா என்று கேட்டவள், இந்தப் படத்தை யார் வைத்திருப்பார்கள், வேலையை விட்டபின் அழிப்பார்களா என்று காண்ட்ராக்டர் அலுவலகத்தில் கேட்கப் போகிறேன் என்றாள். 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்றே சட்டம் நிறைவேறியிருப்பதைச் சொன்னேன். கூடவே சம்பளச் சீட்டையும் பி.எஃப். எண்ணையும் கேட்டு வாங்கச் சொன்னேன். அவளோடு இன்னும் மூன்று பேர் போனார்கள்.

இனி 21-ஆம் அதிகாரம் தொடங்குகிறோம், புதிய எருசலேம். அந்த நகரத்துக்குப் பன்னிரண்டு வாசல்கள், ஒவ்வொன்றும் ஒரே முத்தாலானது, பகலில் அடைக்கப்படுவதே இல்லை. முன்கூட்டியே வாசித்துவிட்டு வந்த தூத்துக்குடிப் பெண் ஒருத்தி, சங்கு குளித்தவரின் பேத்தி, கேட்டாள்: "இந்த முத்தையெல்லாம் யாருக்கா முங்கி எடுத்தது?" அங்கிருந்துதான் ஆரம்பிக்கப்போகிறேன்.