காணாமற்போன ரசீதுகள்

பல வருஷங்களுக்கு முன் ஒரு சிறு அமைப்புக்காகச் சந்தா ரசீதும் நன்கொடை ரசீதும் அச்சடிக்க சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். வருஷக் கடைசியில் பொருளாளர் மாமா முகம் வாடி வந்து நின்றார்.

"என்னப்பா இது? நன்கொடைக் கட்டில் 1, 4, 5, 9 என்று போகிறதே! நடுவில் உள்ள ரசீதெல்லாம் எங்கே என்று ஆடிட்டர் கேட்கிறார்."

ஒரு பைசா பிசகாமல் கணக்கு வைக்கிற மனிதர். பிசகு என்னுடையது.

'ரசீது' என்று ஒரு தாய் கிளாஸ் எழுதி, கடைசியாகக் கொடுத்த எண்ணை நினைவில் வைக்க அதில் ஒரு ஸ்டாட்டிக் மாறியை வைத்திருந்தேன். சந்தா, நன்கொடை இரண்டும் அதன் சேய் கிளாஸ்கள். தாயிடம் உள்ளதெல்லாம் சேய்க்கும் வருவதுதானே மரபுரிமை! ஆளுக்கொரு எண்வரிசை வந்துவிடும் என்று நம்பிவிட்டேன்.

வரவில்லை. சாதாரண மாறி ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் தனித்தனியே உண்டாகும். ஸ்டாட்டிக் மாறியோ அதை அறிவித்த கிளாஸுக்கு ஒன்றே ஒன்றுதான். சேய்களுக்குக் கிடைப்பது அதைப் புழங்கும் உரிமை மட்டுமே, பிரதி அல்ல. கூட்டுக் குடும்பத்துக் கிணறு மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். எந்த மருமகள் இறைத்தாலும் குறைவது ஒரே தண்ணீர். சந்தா 2, 3 என்ற எண்களை எடுத்துக்கொண்டால் நன்கொடைக்கு 4தான். இரண்டு கட்டுகளையும் சேர்த்து வரிசையாக அடுக்கிக் காட்டிய பிறகே மாமா காபியைக் கையில் எடுத்தார்.

சரி, சேய் கிளாஸ்களில் அதே பெயரில் ஆளுக்கொரு ஸ்டாட்டிக் மாறியை அறிவித்தேன். அதுவும் பலிக்கவில்லை! எண் கொடுக்கும் ஃபங்ஷன் தாயிடம் இருந்ததால், அது தாயின் மாறியையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த ஃபங்ஷனையும் சேய்களில் தனித்தனியாக எழுதிய பிறகுதான் வரிசைகள் பிரிந்தன. ஜாவாவிலும் இதே கதைதான்.

பைதான் மொழியில் வேறு வேடிக்கை. சேய் கிளாஸின் பெயரைச் சொல்லி ஒன்றைக் கூட்டினால், பழைய மதிப்பைத் தாயிடமிருந்து படிக்கும்; புதிய மதிப்பைச் சேயிடம் எழுதிவிடும். தாயிடம் 7 இருந்தால் சேயின் தனிக்கணக்கு 8இல் தொடங்கும். தாயிடம் 7 அப்படியே நிற்கும். எந்தப் பிழைச் செய்தியும் வராது.

பி.எச்.பி. மொழியில் ஃபங்ஷனுக்குள் எழுதும் ஸ்டாட்டிக் மாறி, மரபுரிமையாய் வரும்போது சேய்க்கு ஒன்று எனப் பிரிந்திருந்தது. 2021இல் வந்த 8.1 பதிப்பிலிருந்து அது தாய்க்கும் சேய்க்கும் பொதுவாகிவிட்டது. பழைய பதிப்பில் எழுதிய ரசீது புரோகிராம் வைத்திருக்கும் அன்பர்கள், பதிப்பு மாற்றும் முன் எண்வரிசையை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.