கிணற்று மட்டம் சொல்லும் லேசர் சென்சார்: வயரில் கவனம் தேவை

ராஜபாளையம் அருகே செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் கிணற்றை நம்பிப் பல தோட்டங்கள் உள்ளன. மும்முனை மின்சாரம் எந்த நேரம் வந்தாலும் மோட்டார் தானாக ஓடட்டும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டிவிடுகிறோம். கோடையில் அதுவே வினையாகிறது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா என்று ஸ்டார்ட்டருக்குத் தெரியாது. தண்ணீரின்றி ஓடினால் முதலில் சீல் போகும், பிறகு காயில் கருகும்.

இதைத் தடுக்க லேசர் தூர சென்சாரைப் பயன்படுத்தலாம். கிணற்று மேட்டிலிருந்து கீழ்நோக்கிப் பொருத்தினால், ஒளி போய்த் திரும்புவதை வைத்துத் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று செ.மீ. கணக்கில் சொல்லும். தெளிந்த தண்ணீர் ஒளியைச் சரியாகத் திருப்பாது. எனவே இரண்டு நைலான் கயிறுகளுக்கு நடுவே வெள்ளைத் தெர்மாகோல் பலகையை மிதக்கவிட வேண்டும். டி.எஃப். லூனா என்ற சிறிய சென்சார் 8 மீட்டர், அதாவது 26 அடி வரை அளக்கும். அதன் ஒளி 2 டிகிரி விரிவதால் 8 மீட்டரில் 28 செ.மீ. வட்டமாகிவிடும். பலகை அரை மீட்டர் அகலமாவது இருக்கட்டும். உச்சி வெயில் பட்டால் அளக்கும் தூரம் குறையும்; மேலே ஒரு மூடி போடுங்கள். ஆழம் கூடினால் கூடுதல் தூரம் அளக்கும் சென்சார்தான் வாங்க வேண்டும். போர்வெல்லுக்கு இது ஆகாது. ஒளி குழாய்ச் சுவரில் பட்டுத் தவறான அளவு வரும்.

சென்சாரைவிட அதைக் கன்ட்ரோலருடன் இணைப்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். சென்சாரின் அனுப்பும் வயர் கன்ட்ரோலரின் வாங்கும் முனைக்கும், வாங்கும் வயர் அனுப்பும் முனைக்கும் மாறிப் போக வேண்டும். கிரவுண்ட் இரண்டுக்கும் பொது. லூனாவுக்கு 5 வோல்ட் மின்சாரம் கொடுத்தாலும் அதன் சிக்னல் 3.3 வோல்ட்தான். 5 வோல்ட் சிக்னல் தரும் ஆர்டுயினோ ஊனோவை நேராக மாட்டக் கூடாது, 3.3 வோல்ட்டில் இயங்கும் இ.எஸ்.பி. 32 போர்டு பொருந்தும். இரண்டிலும் வேகத்தை 1,15,200 என ஒன்றாக வைக்க வேண்டும்.

இந்த இணைப்பு மேசை மேல் நன்றாக ஓடும். கிணற்றிலிருந்து மோட்டார் அறை வரை வயரை இழுத்தால் எண்கள் தாறுமாறாகும். அப்போது இரு முனையிலும் ஆர்.எஸ். 485 மாட்யூல் வைத்து, லேன் கேபிள் போல முறுக்கிய ஜோடி வயரில் இணைக்க வேண்டும். இந்த முறையில் 1,200 மீட்டர் வரை சிக்னல் போகும். மோட்டார் கேபிள் போகும் குழாயிலேயே இதையும் நுழைக்காதீர்கள். 5 வோல்ட் நெடுந்தூரம் போனால் குறைந்துவிடும். 12 வோல்ட்டாக அனுப்பி, சென்சார் பக்கத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

பம்ப் உறிஞ்சும் மட்டத்துக்கு 2 அடி மேலே தண்ணீர் வந்ததும் நிற்கவும், 5 அடி ஊறிய பிறகே மீண்டும் ஓடவும் அமையுங்கள். இல்லையென்றால் மோட்டார் நின்று நின்று ஓடும். சென்சாரிடமிருந்து தகவல் வராவிட்டாலும் மோட்டார் நிற்க வேண்டும். வயரை எலி கடித்த அன்றுதான் இதன் அருமை தெரியும்.

ரிலேயை ஸ்டார்ட்டர் காயிலுடன் இணைப்பது 415 வோல்ட் வேலை, எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். மோட்டார் காய்ந்து ஓடாமல் இருந்தால் போதும் என்பவர்களுக்கு மிதவை சுவிட்சே போதுமானது. கோடையில் ஒரு இரவில் எத்தனை அடி ஊறுகிறது என்று பார்த்து, எத்தனை தென்னைக்குத் தண்ணீர் விடலாம் எனக் கணக்கிட நினைப்பவர்களுக்கே லேசர் செலவு தகும். மாட்டிய முதல் வாரம் தினமும் கயிற்றில் கல் கட்டி இறக்கி, சென்சார் காட்டும் அளவோடு ஒத்துப் பாருங்கள்.