10 உயிர் போன பாடம்: கல்லூரிக் கட்டிடத்துக்கு எத்தனை கையெழுத்து?

மணிமங்கலம்–

விடிந்ததும் விடியாததுமாக மணிமங்கலம் வழியாக ஜல்லி லாரிகள் ஓட ஆரம்பித்து விடுகின்றன. பின்னாலேயே கம்பி லாரி, சிமெண்டு லாரி. ஒரகடம் பக்கம் தொழிற்சாலைகள், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் தொழிற்சாலைகள். நடுவில் பொறியியல் கல்லூரிகள், விடுதிகள். எங்கே திரும்பினாலும் சாரம் கட்டி நிற்கிறது.

தொழிற்சாலை என்றால் முதலாளி சொன்னார், கட்டினார்கள். ஒரு பல்கலைக்கழகத்தில் கட்டிடம் வேண்டும் என்றால் யார் கேட்பது? யார் "சரி" என்பது? ஐந்து பேர் கேட்டால் யாருக்கு முதலில்?

"அது படித்தவங்க சமாசாரம், நமக்கென்ன?" என்று கேட்காதீர்கள். அந்தக் கட்டிடத்தில் படிக்கப் போவது உங்கள் வீட்டுப் பிள்ளை. செலவாவது உங்கள் வரிப்பணம், இல்லாவிட்டால் நீங்கள் கட்டிய பீஸ். கான்கிரீட் போடும்போது அடியில் நிற்பவன் எங்கிருந்தோ பிழைக்க வந்த கூலித் தொழிலாளி.

குன்னத்தில் நடந்தது

இதே வட்டாரத்துச் சம்பவம்தான். 2012 ஆகஸ்டு மாதம். சுங்குவார்சத்திரம் அருகே குன்னம் கிராமத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரி. அங்கே உள்விளையாட்டு அரங்கம் எழும்பிக் கொண்டிருந்தது. வேலை நடந்து கொண்டிருந்தபோதே இடிந்து விழுந்தது. 10 தொழிலாளர்கள் பலி. பிழைப்பு தேடி வந்தவர்கள் பிணமாக ஊர் திரும்பினார்கள்.

போலீஸ் வந்தது, வழக்கு வந்தது. யார் மேல் தப்பு என்பதைக் கோர்ட்டு பார்க்கட்டும். நாம் கேட்பது வேறு. ஒரு கல்லூரிக் கட்டிடம் காகிதத்தில் பிறந்து கான்கிரீட் ஆகும் வரை எத்தனை மேஜை தாண்டி வர வேண்டும்? ஒவ்வொரு மேஜையிலும் கேட்க வேண்டிய கேள்வி என்ன?

அரசுப் பல்கலைக்கழகம் ஒன்றின் பைலோடு நாமும் கூடவே நடந்து பார்ப்போம். பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் குழுக்களின் பெயர் கொஞ்சம் மாறும். பாதை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதல் மேஜை: "எதற்கு வேண்டும்?"

ஆரம்பம் துறைத் தலைவரிடம். "மாணவர் கூடி விட்டார்கள், ஆய்வுக்கூடம் போதவில்லை" என்று எழுதிக் கொடுப்பார். எத்தனை மாணவர், இப்போது எத்தனை சதுர அடி, இன்னும் எவ்வளவு தேவை என்று கணக்கு இருக்க வேண்டும். "இடம் போதவில்லை" என்று மொட்டையாக எழுதினால் பைல் அங்கேயே தூங்கும்.

இரண்டாவது மேஜை எஸ்டேட் ஆபீஸ். பல்கலைக்கழகத்தின் சொந்த இன்ஜினீயர்கள் இருக்கும் இடம். புது இடம் தேவையா, சும்மா பூட்டிக் கிடக்கும் பழைய ஹாலைச் சரிசெய்து கொடுத்தால் போதுமா என்று பார்ப்பது இவர்கள் வேலை. தண்ணீர், கரண்டு, கழிவு நீர் எங்கே போகும் என்று பார்த்து, தோராய எஸ்டிமேட் போடுவார்கள்.

மூன்றாவது மேஜை: யாருக்கு முதலில்?

இங்கேதான் இழுபறி. கட்டிடக் குழு என்பார்கள், திட்டக் குழு என்பார்கள்.

ஒரு உதாரணம் வைத்துக் கொள்வோம். ஐந்து மனு வந்திருக்கிறது. ஒருவர் ஆய்வுக்கூடம் கேட்கிறார். ஒருவர் பெரிய கலையரங்கம் கேட்கிறார். மாணவிகள் விடுதியில் கூரை ஒழுகுகிறது. ஒரு பழைய கட்டிடத்தில் கரண்டு வயர் கருகிக் கிடக்கிறது. பிரதான வாசலுக்கு வளைவு வேண்டும் என்று ஒரு மனு. கையில் இருக்கும் பணம் இரண்டுக்குத்தான்.

நியாயமான வரிசை எது? உயிருக்கு ஆபத்தானது முதலில். வயரும் கூரையும் அந்தக் கணக்கு. அடுத்து, இல்லாவிட்டால் அங்கீகாரம் போய்விடும் என்கிற வேலை. மூன்றாவது, மாணவர் எண்ணிக்கைக்கு ஈடு கொடுக்கும் வேலை. அழகுக்குச் செய்வது கடைசி.

ஆனால் நம் நாட்டில் ஒரு சங்கடம் உண்டு. புதுக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டு விழா உண்டு, திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பேர் உண்டு. ஒழுகுகிற கூரையை அடைத்ததற்கு யாராவது கல்வெட்டு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? அதனால்தான் பழுது பார்க்கும் பைல் எப்போதும் அடியில் போய்விடுகிறது.

இது டெல்லிக்கும் தெரிந்திருக்க வேண்டும். 2013ல் மத்திய அரசு "ரூசா" என்ற உயர்கல்வித் திட்டம் கொண்டு வந்தது. அதில் பல்கலைக்கழகத்துக்குக் கட்டமைப்பு மானியம் 20 கோடி ரூபாய் என்றால், நூற்றுக்கு 35 பங்கு புதுக் கட்டிடத்துக்கு, 35 பங்கு பழையதைப் புதுப்பிக்க, 30 பங்கு கருவிகளுக்கு என்று பிரித்து விட்டார்கள். அதாவது 7 கோடி, 7 கோடி, 6 கோடி. முழுப் பணத்தையும் புதுக் கட்டிடத்தில் போட வழி இல்லை. நல்ல கடிவாளம்!

22 வருஷம் காத்திருந்த பல்கலைக்கழகம்

வரிசையில் நிற்பது இன்று வந்த வழக்கம் அல்ல. சென்னைப் பல்கலைக்கழகத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். பிறந்தது 1857ல். சொந்தமாகச் செனட் மண்டபம் கட்டி முடிந்தது 1879ல். இடையில் 22 வருஷம்!

1860களில் வெள்ளைக்கார அரசாங்கம் மாநிலக் கல்லூரிக்கும் செனட் மண்டபத்துக்கும் வரைபடம் கேட்டுப் போட்டி வைத்தது. ஜெயித்தவர் ராபர்ட் சிசோம். அப்போதும் "எது முதலில்?" என்ற கேள்வி வந்தது. தினமும் மாணவர் உட்காரும் கல்லூரிக்குத்தான் முதல் இடம். மாநிலக் கல்லூரி 1870ல் முடிந்தது. செனட் மண்டபத்துக்கு 1874ல்தான் வேலை தொடங்கியது. கடற்கரைப் பக்கம் பஸ்சில் போகும்போது இரண்டையும் பாருங்கள். இரண்டும் நிற்கிறது.

பணம் எங்கே? அனுமதி எங்கே?

நான்காவது மேஜை நிதிக்குழு. "பணம் எந்தக் கணக்கிலிருந்து?" என்பதுதான் இவர்கள் கேள்வி. அரசு மானியமா, சொந்த நிதியா, கடனா? கட்டி முடித்த பிறகு கரண்டு பில்லும் வாட்ச்மேன் சம்பளமும் யார் தருவது?

ஐந்தாவது மேஜை சிண்டிகேட். துணைவேந்தர் தலைமையில் கூடும் ஆட்சிக்குழு இது. இங்கே தீர்மானம் ஆனால் நிர்வாக அனுமதி கிடைத்த மாதிரி. பெரிய தொகை, அரசுப் பணம் என்றால் பைல் கோட்டைக்கும் போய் வர வேண்டும்.

மத்திய அரசு நிறுவனம் என்றால் பெயர்கள் மாறும். நமக்குப் பக்கத்திலேயே வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில் தகவல் தொழில்நுட்ப வடிவமைப்பு உற்பத்திக் கழகம் இருக்கிறது. 2007ல் தொடங்கியது. முதலில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் ஒண்டுக்குடித்தனம். பிறகுதான் சொந்த இடம். இந்த மாதிரி இடங்களில் கட்டிடப் பணிக்குழு, நிதிக்குழு, ஆளுநர் குழு என்று மூன்று படி. 2017க்குப் பிறகு மானியத்தை மட்டும் நம்பாமல், "ஹெபா" என்ற உயர்கல்வி நிதி நிறுவனத்தில் கடன் வாங்கியும் கட்டுகிறார்கள். மத்திய கல்வி அமைச்சகமும் கனரா வங்கியும் சேர்ந்து நடத்தும் நிறுவனம் அது.

தனியார் கல்லூரியில் இந்த ஐந்து மேஜையும் ஒரே மேஜை ஆகிவிடும். அறக்கட்டளை கூடி, ஒரே நாளில் தீர்மானம் போட முடியும். அதில் தப்பில்லை. ஆனால் அடுத்த இரண்டு மேஜையை யாரும் தாண்டிப் போக முடியாது. போகவும் கூடாது.

"நிற்குமா?"– அதுதான் கேள்வி

ஆறாவது மேஜை தொழில்நுட்ப அனுமதி. பணம் உண்டு என்பது நிர்வாக அனுமதி. கட்டிடம் நிற்கும் என்பது தொழில்நுட்ப அனுமதி. இரண்டையும் குழப்பிக் கொள்ளக் கூடாது. மண் பரிசோதனை, அஸ்திவார ஆழம், தூணில் எத்தனை கம்பி என்று பார்த்து, தகுதியுள்ள இன்ஜினீயர் கையெழுத்துப் போட வேண்டும். பொதுப்பணித் துறை கட்டுவதானால் அந்தத் துறையின் இன்ஜினீயர்.

ஏழாவது மேஜை திட்ட அனுமதி. இந்த இடத்தில், இந்த உயரத்தில் கட்டலாமா என்பது கேள்வி. சென்னைப் பெருநகர்ப் பகுதி என்றால் சி.எம்.டி.ஏ., வெளியே என்றால் நகர் ஊரமைப்புத் துறை. 2022ல் சென்னைப் பெருநகர்ப் பகுதியை 1,189 சதுர கிலோ மீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோ மீட்டராக விரிக்க அரசு உத்தரவிட்டது. அதனால் இந்தப் பக்கம் கட்டுகிறவர்கள் எந்த ஆபீஸ் என்று முதலில் கேட்டுக் கொண்டு போவது நல்லது. 2019ஆம் வருஷத்துக் கட்டிட விதிகளின்படி 18.30 மீட்டருக்கு மேல் போனால் அது உயரமான கட்டிடம். தீயணைப்புத் துறையும் பார்க்கும்.

மணிமங்கலத்துக்கென்றே இன்னொரு சங்கதி உண்டு. பல்லவ மன்னன் நரசிம்மவர்மன் சாளுக்கியப் புலிகேசியை விரட்டிய போர்க்களங்களில் ஒன்று இந்த ஊர். இங்குள்ள தர்மேஸ்வரர் கோயில் மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. அப்படிப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டிடம் கூடாது. அடுத்த 200 மீட்டரில் தனி அனுமதி வேண்டும். கல்லூரியானாலும் சரி, கடையானாலும் சரி.

தண்ணீரும் முக்கியம். 2015 டிசம்பரில் முடிச்சூர் மூழ்கியதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறக்க மாட்டார்கள். ஏரிக்கரை நிலத்தில் கட்டிவிட்டு "வெள்ளம் வந்தது" என்றால் வெள்ளத்தின் மேல் தப்பில்லை.

மவுலிவாக்கம் சொன்னது

"ஏழு மேஜையா? லஞ்சம் வாங்கத்தான் இத்தனை மேஜை" என்று சொல்கிறவர்கள் உண்டு. அவர்கள் மவுலிவாக்கத்தை நினைத்துப் பார்க்கட்டும். 2014 ஜூன் 28. 11 மாடிக் கட்டிடம் மழையில் சரிந்தது. 61 பேர் பலி. பக்கத்தில் நின்ற ஜோடிக் கட்டிடத்தை 2016 நவம்பரில் வெடி வைத்துத் தகர்த்தார்கள்.

அது அனுமதி வாங்கிய கட்டிடம்தான்! பின்னே எப்படி விழுந்தது? திட்ட அனுமதி என்பது உயரம், பரப்பு, காலியிடம் பார்த்துக் கொடுப்பது. தூண் தாங்குமா, மண் தாங்குமா என்று பார்ப்பது வேறு கையெழுத்து. ஒரு மேஜைக்காரர் இன்னொரு மேஜைக்காரரின் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாது. "அதான் அனுமதி இருக்கே" என்று நினைத்தால் ஆபத்து அங்கேதான் ஆரம்பம்.

டெண்டர் முதல் கடைசி பில் வரை

எல்லாம் முடிந்தால் டெண்டர். தமிழ்நாட்டில் 1998ஆம் வருஷத்து ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது. 2 கோடி ரூபாய் வரை உள்ள வேலைக்கு டெண்டர் போட 15 நாளாவது தர வேண்டும். அதற்கு மேல் 30 நாள். திங்கட்கிழமை விளம்பரம் போட்டு வெள்ளிக்கிழமை பெட்டியை மூடினால் "ஏன்?" என்று கேட்கலாம்.

வேலை தொடங்கியதும் அளவு புத்தகம் வரும். எம்-புக் என்பார்கள். செய்த வேலையை அளந்து, எழுதி, அதன்படிதான் பில். கான்கிரீட் போடும்போது 15 சென்டிமீட்டர் சதுரக் கட்டிகள் வார்த்து வைத்து, 28 நாள் கழித்து அழுத்திப் பார்க்க வேண்டும். கட்டி நொறுங்கினால் போட்ட கான்கிரீட்டும் சந்தேகம். கண்ணுக்குத் தெரியாத கம்பியை, கான்கிரீட் மூடுவதற்கு முன்பே பார்த்து எழுத வேண்டும். மூடிய பிறகு பார்க்க முடியாது.

செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் கட்டுமானத் தொழிலாளர் நல நிதிக்குப் போக வேண்டும். கடைசியில் பணி நிறைவுச் சான்று. அது இல்லாமல் பிள்ளைகளை உள்ளே விடுவது பாவம்.

10 ரூபாய் போதும்

இதையெல்லாம் சாதாரண ஆள் பார்க்க முடியுமா? அரசுப் பல்கலைக்கழகம் என்றால் முடியும். 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. 10 ரூபாய் கட்டணம். 30 நாளில் பதில் வர வேண்டும்.

நான்கு கேள்வி எழுதுங்கள். இந்தக் கட்டிடத்துக்கு நிர்வாக அனுமதி எந்தத் தேதி? தொழில்நுட்ப அனுமதியில் கையெழுத்து யாருடையது? திட்ட அனுமதி எண் என்ன? கான்கிரீட் பரிசோதனை முடிவு எங்கே? வேலை தொடங்கிய தேதி முன்னால் இருந்து, அனுமதித் தேதி பின்னால் இருந்தால் விஷயம் விளங்கிவிடும்.

பைல் தாமதமானால் விலை ஏறும், பிள்ளைகள் தகரக் கொட்டகையில் உட்கார வேண்டி வரும். அதுவும் குற்றம்தான். மேஜைகளைக் குறைக்க வேண்டாம். மேஜையில் பைல் தூங்குவதைக் குறைக்கட்டும்.

இன்று மாலை வீடு திரும்பும்போது சாரம் கட்டி நிற்கும் ஏதாவது ஒரு கட்டிடத்தைப் பார்ப்பீர்கள். மேலே கம்பி கட்டுகிறவன் எந்த பைலையும் பார்த்தவன் இல்லை. ஏழு மேஜையிலும் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள் என்று நம்பித்தான் ஏறியிருக்கிறான். குன்னத்தில் அந்தப் பத்துப் பேரும் அப்படி நம்பித்தானே வேலைக்குப் போயிருப்பார்கள்?