மின்னலைப் பிடித்த முருகனும் எண்ணூர் தெர்மலும்

கோடை விடுமுறையைக் குறிவைத்துப் பெரிய படத்தை இறக்கும் வழக்கத்துக்கு, 1975 ஜூனில் வந்த ‘ஜாஸ்’ படத்தைத்தான் அமெரிக்காவில் தொடக்கமாகச் சொல்வார்கள். சுறா மீனைக் காட்டிப் பயமுறுத்திய படம். காசிமேட்டில் சுறா என்றால் புட்டுதான் ஞாபகம் வரும், அது வேற கதை. அதற்கு இரண்டு வருஷம் முன்னாடியே, 1973 மே 11-ஆம் தேதி, அக்னி நட்சத்திர வெயிலில் நமக்கு ஒரு படம் வந்துவிட்டது. எம்.ஜி.ஆர். தயாரித்து, இயக்கி, இரண்டு வேடத்தில் நடித்த ‘உலகம் சுற்றும் வாலிபன்’.

இந்தப் படத்தைப் பற்றி எழுதுகிற எல்லோரும் அரசியலைத்தான் எழுதுகிறார்கள். அதில் தப்பில்லை. 1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கப்பட்டு, அதே மாதம் 17-ஆம் தேதி புதுக்கட்சி ஆரம்பித்தவர் எம்.ஜி.ஆர். படம் வெளிவந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று மதுரை முத்து சவால் விட்டதாக இன்றைக்கும் சொல்வார்கள். சுவரொட்டி வரியை ஏற்றிவிட்டதால் சென்னையில் போஸ்டரே ஒட்டாமல், ஸ்டிக்கரை வைத்தே சமாளித்தார்கள் என்றும் ஒரு பேச்சு உண்டு. படம் வந்த ஒன்பதாவது நாள், மே 20, திண்டுக்கல் இடைத்தேர்தல். இரட்டை இலையில் நின்ற மாயத்தேவர் ஜெயித்தார், தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. சீர்காழி கோவிந்தராஜன் குரலில் டைட்டில் பாட்டு வரும்போது கொட்டகையில் எழுந்த விசில் சினிமாவுக்கான விசில் மட்டுமில்லை.

ஆனால் படத்தோட கதை என்ன என்று கேட்டால் பாதிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. பாட்டு ஞாபகம் இருக்கும், ஜப்பான் ஞாபகம் இருக்கும், காலைச் சாய்த்துச் சாய்த்து நடக்கிற அசோகன் ஞாபகம் இருப்பார். கதை மின்சாரத்தைப் பற்றியது! விஞ்ஞானி முருகன் மின்னலின் சக்தியைப் பிடித்துச் சேமிக்கிற வழியைக் கண்டுபிடிக்கிறார். உலகம் அதை அழிவுக்குப் பயன்படுத்திவிடும் என்று பயந்து, விஞ்ஞானிகள் முன்னால் அந்த ரகசியத்தை அழித்துவிட்டதாகக் காட்டிவிட்டு ஒளித்துவைக்கிறார். அதைத் தேடி பைரவன் (அசோகன்) கூட்டம். காணாமல் போன அண்ணனைத் தேடி தம்பி ராஜு. மீதியெல்லாம் ஊர் சுற்றல்.

இதை நான் தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் பார்த்தபோது எனக்குப் பத்து வயது. கூட்டிக்கொண்டு போனவர் சித்தப்பா, ஹார்பரில் வேலை. எங்களுக்கு ‘ஃபாரின்’ என்றால் ஹார்பர் கேட்டுக்கு வெளியே வந்துசேரும் டிரான்சிஸ்டரும் நைலான் சட்டையும்தான். அந்தக் கப்பலெல்லாம் கிளம்பிவந்த ஊர் எப்படி இருக்கும் என்பதை முதலில் காட்டியது இந்தப் படம். ஆனாலும் இடைவேளையில் சித்தப்பா பேசியது ஜப்பானைப் பற்றி இல்லை. “டேய், அந்த மின்னலு மட்டும் சிக்கிடிச்சுன்னு வெச்சுக்கோ, நம்ம தெர்மலை இழுத்து மூடிடலாம்டா” என்றார். எங்க பக்கத்தில் படத்தை அப்படித்தான் பார்த்தார்கள். வடக்கே பார்த்தால் புகைபோக்கி தெரிகிற தெருவில் வளர்ந்தவனுக்கு மின்சாரம் சுவிட்சிலிருந்து வருவதில்லை, எண்ணூரிலிருந்து வருகிறது.

தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியம். படத்தின் ஜப்பான் பகுதி 1970-இல் ஒசாகாவில் நடந்த எக்ஸ்போவில் எடுத்தது. அந்தக் கண்காட்சி மார்ச் 15-ஆம் தேதி திறந்தது. அதற்கு முந்தின நாள்தான் சுருகா அணுமின் நிலையம் முறைப்படி உற்பத்தியைத் தொடங்கி, அங்கே மின்சாரம் அனுப்பியது. அதே மார்ச் மாதக் கடைசியில் எண்ணூர் அனல் மின் நிலையத்தின் முதல் யூனிட், 60 மெகாவாட், ஓட ஆரம்பித்தது. படம் ஓடிக்கொண்டிருந்த 1973 மே மாதத்திலேயே நாலாவது யூனிட்டும் சேர்ந்துகொண்டது. 1975-இல் ஐந்தும் சேர்ந்து 450 மெகாவாட். அவங்க அணுவை எரித்து எக்ஸ்போவுக்கு விளக்குப் போட்டார்கள், நாம நிலக்கரியை எரித்தோம், முருகன் மின்னலைப் பிடித்தார்.

சரி, பிடிக்க முடியுமா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சாதாரண மின்னலில் இருக்கும் ஆற்றலைச் சுமார் 100 கோடி ஜூல் என்று வைத்துக்கொள்ளலாம். மின்னலுக்கு மின்னல் இது நிறைய மாறும், ஆனால் கணக்குக்கு இது போதும். நம்ம மீட்டரில் ஓடுகிற ஒரு யூனிட் என்பது 36 லட்சம் ஜூல். வகுத்தால் 278 யூனிட் வரும்.

அவ்வளவுதான். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் இல்லையா? ஒரு முழு மின்னலைச் சிந்தாமல் சிதறாமல் பிடித்தாலும் மூன்று வீட்டு இலவச யூனிட்டுக்குக் காணாது. எண்ணூர் ஐந்து யூனிட்டும் முழுவீச்சில் ஓடினால் இதை இரண்டேகால் விநாடிக்குள் கொடுத்துவிடும். நிலக்கரியில் சொன்னால் சுமார் 200 கிலோ, ஒரு மீன்பாடி வண்டியில் போகிற சுமை. அதிலும் பெரும்பகுதி காற்றைச் சூடாக்கியே வீணாகிவிடும். அந்தச் சூட்டில் காற்று வெடித்து விரிவதுதான் இடி. தரைக்கு வந்து சேர்வது கொஞ்சம்தான்.

அப்புறம் ஏன் மின்னலைக் கண்டால் இவ்வளவு நடுங்குகிறோம்? அளவு பெரிசில்லை, நேரம் குறைவு. ஹார்பரில் கிரேன் ஒரு மூட்டையை மெதுவாக இறக்கினால் சத்தமே வராது. அதே உயரத்திலிருந்து சங்கிலி அறுந்து விழுந்தால் கீழே நிற்கிறவன் கதி? ரெண்டிலும் ஆற்றல் ஒன்றுதான், வெளிவர எடுத்துக்கொண்ட நேரம்தான் வேற. மின்னலின் ஒவ்வொரு வெட்டும் விநாடியின் மிகச்சிறு துளிக்குள் முடிந்துபோகிறது. சேமிப்பது கஷ்டம் என்பதற்கும் அதுவே காரணம்: அந்த வேகத்துக்கு ஈடுகொடுத்து வாங்கி வைத்துக்கொள்ளும் பாத்திரம் வேண்டும், அடுத்த மின்னல் எங்கே விழும் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். பைரவன் நினைத்த மாதிரி ஆயுதமாகவும் அது பெரிசா உதவாது. ஹிரோஷிமா குண்டுக்குச் சமமாக வேண்டுமென்றால் அறுபதாயிரம் மின்னலுக்கு மேல் பிடிக்க வேண்டும்.

ஆக, அறிவியல் தேறாது. எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. படத்தின் நிஜமான குறை, இடைவேளைக்குப் பிறகு அந்த ஃபார்முலாவையே அடிக்கடி மறந்துவிட்டு ஊர் ஊராகப் பாட்டுப் பாடுவது. எம்.எஸ்.வி. இல்லையென்றால் தூங்கியிருப்போம். நாகேஷ் கொஞ்சம் தூக்கிப்பிடிப்பார். தாய்லாந்து நடிகை மேத்தா ரூங்ராத் வரும் பகுதி மட்டும் இன்றைக்கும் எனக்கு அலுக்கவில்லை.

ஆனால் முருகன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. மின்சாரத்தைக் கண்டுபிடிப்பது ஒரு பாதி, அது யாருக்குப் போகிறது, என்ன ஆகிறது என்பது இன்னொரு பாதி. அந்த இன்னொரு பாதியைப் படம் பைரவன் என்கிற ஒரே வில்லன் தலையில் கட்டிவிட்டது. எங்க பக்கத்தில் வில்லனே இல்லாமல் நடந்தது. மின்சாரம் கம்பியேறி நகரம் முழுக்கப் போனது. சாம்பல் கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் படிந்தது. இறாலுக்காக அந்தச் சேற்றில் கைவிட்டுத் துழாவுகிறவர்களுக்கு அது தெரியும். ஊருக்கு விளக்கு வேண்டும், அது நியாயம்தானே என்று எல்லாரும் சொன்னோம், அதில் பொய்யும் இல்லை.

சித்தப்பா சொன்ன தெர்மலை 2017 மார்ச் 31-ஆம் தேதி மூடினார்கள். மின்னல் சிக்கியதால் இல்லை, யூனிட்டுகளுக்கு வயசாகிவிட்டதால். எண்ணூர் பகுதியில் வேறு அனல் மின் நிலையங்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. படம் பார்த்த அகஸ்தியாவும் 2020-இல் மூடப்பட்டது.

கடைசியாக ஒரு தகவல். படம் முடிந்து எழுந்து ஓடாமல் உட்கார்ந்திருந்தால், அடுத்த தயாரிப்பு ‘கிழக்கு ஆப்பிரிக்காவில் ராஜு’ என்று ஒரு அறிவிப்பு வரும். அந்தப் படம் எடுக்கப்படவே இல்லை. 1977 ஜூன் 30-ஆம் தேதி எம்.ஜி.ஆர். முதலமைச்சராகிவிட்டார்.