பேசத் தெரிந்த பேய்

நீலி யாரையும் துரத்திப் பிடித்துக் கொல்லவில்லை. வழக்குப் பேசித்தான் கொன்றாள்.

நாஞ்சில் நாட்டுக் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டாக அவள் கதையைக் கேட்டவர்கள் அந்த இடத்தை மறக்க மாட்டார்கள். கள்ளிக் கொப்பு ஒன்றை ஒடித்துப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்க்கூட்டத்தின் முன் வந்து நிற்கிறாள். ஒரு வணிகனைக் காட்டி, இவர் என் புருஷன், என்னையும் பிள்ளையையும் கைவிட்டு ஓடுகிறார் என்று அழுகிறாள். இவள் பேய், நம்பாதீர்கள் என்று வணிகன் கதறுகிறான். பெரியவர்கள் பிள்ளையை இறக்கிவிடச் சொல்கிறார்கள். கள்ளிப் பிள்ளை தவழ்ந்து போய் அவனை அப்பா என்கிறது. அதோடு வழக்கு முடிந்தது. இருவரும் ஒரே வீட்டில் தங்கட்டும், காவலுக்கு வைத்திருக்கும் மந்திர வாளை வெளியே வைத்துவிட்டுப் போ, உனக்கு ஏதாவது ஆனால் எங்கள் எழுபது பேர் உயிரும் பிணை என்கிறார்கள். விடிந்தபோது அவன் பிணமாகக் கிடந்தான். சொன்ன சொல்லுக்காக எழுபது வேளாளரும் தீயில் இறங்கினார்கள்.

இதற்கு முன்கதை ஒன்று உண்டு. பாட்டுக்குப் பாட்டு ஆள்களின் பெயர் மாறினாலும் நடந்தது மாறுவதில்லை. அந்த வணிகன் முற்பிறவியில் கோயில் பூசாரி வீட்டுப் பையன். தாசி ஒருத்தியிடம் சொத்தையெல்லாம் இழந்தான். அவளுடைய தாய்க்காரி அவனை விரட்டிவிட்டாள். மகளோ அவன்மேல் கொண்ட ஆசையால் நகைகளோடு பின்னாலேயே வந்தாள். கள்ளிக்காட்டில் தன் மடியில் தலைவைத்துத் தூங்கியவளை அவன் கல்லைப் போட்டுக் கொன்றுவிட்டு நகைகளை எடுத்துக்கொண்டான். சாட்சிக்கு அங்கே கள்ளிச்செடி மட்டுமே நின்றது. கொலையுண்டவள் மறுபிறவி எடுத்து, நீலியாகி, அந்தக் கள்ளியையே பிள்ளையாக்கிக்கொண்டு வந்தாள். பாதிக்கப்பட்டவள் அவள். ஆனால் ஊர் வழக்கில் பொய்யழுகைக்கு நீலிக் கண்ணீர் என்று பெயர்.

வடக்கே திருவாலங்காட்டை அடுத்த பழையனூரும் இதே கதையைத் தன்னுடையது என்கிறது. 7-ஆம் நூற்றாண்டில் சம்பந்தர் தம் திருவாலங்காட்டுப் பதிகத்தில் இதைத் தொட்டுச் செல்கிறார். தெற்கே வரும்போது கதை நாகர்கோவிலை ஒட்டிய கள்ளியங்காட்டுக்கும் பஞ்சவன்காட்டுக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் உள்ள முப்பந்தலுக்கும் குடிபெயர்கிறது. பயணிகள் பயந்து கடந்த அந்தக் காற்றுக் கணவாயில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள். அவற்றின் நடுவே, நீலியே தெய்வமாகிவிட்ட இசக்கியம்மன் கோயில்.

கொலையுண்ட பெண்கள் எத்தனையோ பேர். அவர்களை ஊர் மறந்துவிட்டது. இவளை மட்டும் ஏன் ஆயிரம் ஆண்டுக்கு மேலாகச் சுமக்கிறது? நினைவைப் பற்றிய ஆராய்ச்சியில் இதற்கு ஓரளவு விடை இருக்கிறது.

கேம்பிரிட்ஜ் உளவியலாளர் பிரெடரிக் பார்ட்லெட் 1932-இல் வெளியிட்ட நூலில் ஒரு சோதனையை விவரிக்கிறார். வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் ஆவிக்கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, பிறகு திருப்பிச் சொல்லச் சொன்னார். ஒருவர் சொன்னதை இன்னொருவர் படித்துச் சொல்ல, அதை மற்றொருவர் படித்துச் சொல்ல, கதை கைமாறிக்கொண்டே போனது. ஓடம் படகாயிற்று, சீல் வேட்டை மீன்பிடிப்பாயிற்று, ஆவிகளோ கதையைவிட்டே நழுவிப்போயின. யாரும் வேண்டுமென்று மாற்றவில்லை. கேட்பவர் மனத்தில் ஏற்கெனவே இருக்கும் அச்சுக்குள் பொருந்துவது தங்கிற்று, பொருந்தாதது உதிர்ந்தது.

அப்படியானால் பேய்க்கதைகள் எல்லாமே உதிர்ந்திருக்க வேண்டுமே? 2001-இல் ஜஸ்டின் பாரெட்டும் மெலனி நைஹாப்பும் இதே கைமாற்றுச் சோதனையை வேறு விதமாகச் செய்தார்கள். இயல்பை லேசாக மீறும் செய்திகள், வெறும் சாதாரணச் செய்திகளைவிட நன்றாக நினைவில் நின்றன. 2006-இல் அரா நோரன்சயானும் அவர் கூட்டாளிகளும் கிரிம் சகோதரர்களின் கதைகளை ஆராய்ந்தபோது, உலகம் முழுக்கப் பரவிய கதைகளில் பெரும்பாலும் இரண்டு மூன்று அதிசயங்களே இருப்பதைக் கண்டார்கள். அதிசயமே இல்லாத கதைகளும் மறந்துபோயின, அதிசயம் மலிந்த கதைகளும் மறந்துபோயின. நீலி கதையை இந்த அளவுகோலில் வைத்துப் பார்க்கலாம். மறுபிறவி ஒன்று, கள்ளி பிள்ளையானது ஒன்று. மற்றதெல்லாம் நகை, இழந்த சொத்து, ஓடிப்போன புருஷன், ஊர்ப் பஞ்சாயத்து. நம் தெருவில் நடக்கக்கூடிய கதைதான். கேட்பவர் மனத்தில், ஆணை மயக்கிக் கொல்லும் யட்சி என்ற அச்சும் தயாராக இருந்தது. கொலையுண்ட பெண் அதற்குள் போய் உட்கார்ந்தாள். பேயானதால்தான் பிழைத்தாள். அதற்கு விலையாகத் தன் பக்கத்து நியாயத்தைக் கொடுத்தாள்.

இதே விலையைக் கொடுத்த இன்னொருத்தி அட்லாண்டிக்குக்கு அப்பால் இருக்கிறாள். அவள் கற்பனைப் பாத்திரமல்ல, ரத்தமும் சதையுமாக வாழ்ந்தவள். வேலை துபாஷி.

மலின்ட்சின் 1500-ஐ ஒட்டி மெக்சிகோ வளைகுடாப் பக்கம், கோட்சகோல்கோஸ் பகுதியில் பிறந்தாள். தாய்மொழி நாவாட்டில். சிறுமியாக இருக்கும்போதே அடிமையாக மாயா மொழி பேசும் நாட்டுக்குக் கைமாறினாள். அங்கே மாயா கற்றாள். 1519-இல், மெக்சிகோவைப் பிடிக்க வந்த ஸ்பானியன் எர்னான் கோர்டெஸின் படையிடம் தோற்ற பொடோன்சான் மக்கள், சமாதானக் காணிக்கையாகக் கொடுத்த 20 பெண்களில் இவளும் ஒருத்தி. ஸ்பானியர் ஞானஸ்நானம் கொடுத்து மரீனா என்று பெயரிட்டார்கள், தளபதி ஒருவனுக்குப் பங்காகக் கொடுத்தார்கள். அதுவரை அவள் கூட்டத்தில் ஒரு தலை, அவ்வளவுதான்.

சில வாரங்களில் மெக்சிகோவின் பேரரசன் மோக்டெசூமாவின் தூதர்கள் வந்தார்கள், கோர்டெஸின் துபாஷி திகைத்துப்போனான். அகிலார் என்ற அந்த ஸ்பானியன் 1511-இல் கப்பல் உடைந்து, மாயா மக்களிடையே எட்டு ஆண்டு கழித்தவன். அவனுக்கு மாயா தெரியும், நாவாட்டில் தெரியாது. அந்த நேரத்தில் தூதர்களோடு இந்த அடிமைப்பெண் பேசிக்கொண்டிருந்தாள். அன்றிலிருந்து ஓர் அஞ்சலோட்டம் தொடங்கியது: தூதர் நாவாட்டிலில் சொல்வார், அவள் மாயாவில் சொல்வாள், அகிலார் ஸ்பானியத்தில் சொல்வான். பதில் அதே வழியில் திரும்பும். கொஞ்ச காலத்தில் அவளே ஸ்பானியமும் கற்றுக்கொள்ள, நடுவில் அகிலார் தேவைப்படவில்லை. 1519 நவம்பர் 8-ஆம் நாள் கோர்டெஸும் மோக்டெசூமாவும் நேருக்கு நேர் நின்றபோது, ஒரு பேரரசுக்கும் அதை விழுங்க வந்தவனுக்கும் நடுவே நின்று பேசியவளுக்கு வயது இருபதுக்குப் பக்கம்.

இந்த வேலை எவ்வளவு கடினம் என்பது இப்போதுதான் கொஞ்சம் தெரிய வருகிறது. ஜெனிவாவில் ஹெர்வே-அடெல்மன், கோலஸ்தானி, மோசர்-மெர்சர் குழு 2015-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு மொழியைக் கேட்டுக்கொண்டே இன்னொரு மொழியில் சொல்பவர்களின் மூளையை ஸ்கேன் செய்து பார்த்தார்கள். மொழிப்பகுதிகளோடு மூளையின் ஆழத்தில் உள்ள காடேட், புட்டமென் என்ற உறுப்புகளும் மும்முரமாக வேலை செய்தன. இவை மொழிக்கென்று அமைந்தவையல்ல. எதைச் செய்வது, எதை அடக்குவது என்று செயல்களைத் தேர்ந்தெடுப்பதில் பங்குள்ளவை. துபாஷியின் மூளை இரண்டு மொழியையும் ஒரே சமயத்தில் விழிப்பாக வைத்துக்கொண்டு, ஒன்றை வாய்வரை வரவிடாமல் பிடித்து நிறுத்துகிறது. மலின்ட்சின் கேட்டு முடித்த பிறகே சொன்னாள் என்பதால் அவள் வேலை இதே வகையல்ல. ஆனால் அவள் தலையில் இரண்டல்ல, மூன்று மொழிகள். மோக்டெசூமாவின் அவையில் பேசியது சந்தை நாவாட்டிலும் அல்ல. பணிவுக்காகப் பொருளைத் தலைகீழாக்கிச் சொல்லும் அரசவை வழக்கு. அதை வெறும் சொல்லாகப் பெயர்த்தால் பேரரசன் சரணடைந்துவிட்டான் என்று தோன்றும். கோர்டெஸ் தன் கடிதத்தில் அப்படித்தான் எழுதினான். தவறு அவள் வாயில் நேர்ந்ததா, கோர்டெஸின் காதில் நேர்ந்ததா, அல்லது வேண்டுமென்றே எழுதப்பட்டதா என்பது இன்றும் வரலாற்றாசிரியர்களின் வாதம். நான் காதைத்தான் சந்தேகிப்பேன்.

அவளோடு போரில் இருந்தவர்கள் அவளை அலட்சியமாக நினைக்கவில்லை. ட்லாக்ஸ்காலா மக்கள் வரைந்த சித்திரத் துணியில் அவள் காட்சிக்குக் காட்சி நடுநாயகமாக நிற்கிறாள். படைவீரர் பெர்னால் டியாஸ் அவளை மரியாதையோடு டோன்யா மரீனா என்றே எழுதுகிறார். உள்ளூர் மக்கள் கோர்டெஸையே மலின்ச்சே என்று, அதாவது அவளுக்குரியவன் என்ற பொருளில், அழைத்ததாகவும் சொல்கிறார். ஆனால் அவள் எழுதியதாகவோ, அவள் வாய்ச்சொல்லாக யாராவது குறித்துக்கொண்டதாகவோ ஒரு பக்கம்கூட இல்லை. மூன்று மொழியில் ஒரு கண்டத்தின் தலைவிதியைப் பேசியவளுக்குச் சொந்தக் குரல் மிஞ்சவில்லை. 1522-இல் கோர்டெஸுக்கு ஒரு மகனைப் பெற்றாள், பிறகு வேறொரு ஸ்பானியனுக்கு மணமுடித்துக் கொடுக்கப்பட்டாள், முப்பதை எட்டுவதற்குள் இறந்துபோனாள்.

மெக்சிகோவில் அவளுக்குக் கிடைத்த துரோகி என்ற பட்டம் உடனே வந்ததல்ல. 1821-இல் மெக்சிகோ விடுதலை பெற்றதும், தோல்விக்கு யாரையாவது பொறுப்பாக்க வேண்டியிருந்தது. 1826-இல் ஆசிரியர் பெயரில்லாமல் வந்த ஒரு நாவல் அவளைக் கெட்டவளாக்கியது. அந்நிய மோகத்துக்கு அவள் பெயரையே வைத்தார்கள். பிறகு நடந்தது பார்ட்லெட் சொன்னதுதான். இரவில் தன் பிள்ளைகளை நினைத்து ஓலமிட்டு அலையும் பெண் மெக்சிகோவில் பழைய அச்சு. ஸ்பானியர் வருகைக்கு முன் தோன்றியதாகச் சொல்லப்படும் எட்டு நிமித்தங்களில் ஆறாவது அப்படி அழுத ஒரு பெண்குரல். யோரோனா என்று மக்கள் அஞ்சும் அந்த அழுகைப் பேய்க்குள் மலின்ட்சினையும் ஏற்றினார்கள். அங்கே அழுகைப் பேய், இங்கே நீலிக் கண்ணீர்.

இரண்டு கதையிலும் அச்சம் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சோலுலா நகரத்தில் 1519-இல் கோர்டெஸின் படை பெரும் படுகொலை நடத்தியது. 3,000 பேருக்கு மேல் இறந்ததாகக் கோர்டெஸே எழுதுகிறான். ஸ்பானியர் தரப்பில் அதற்குச் சொன்ன காரணம்: உள்ளூர்க் கிழவி ஒருத்தி சதித்திட்டத்தை மலின்ட்சினின் காதில் போட்டாள், அவள் வந்து சொன்னாள். பூர்வகுடிகள் சொல்லி எழுதப்பட்ட விவரத்தில் அந்தக் கிழவியே இல்லை. வாளேந்திய கைகள் எத்தனையோ இருக்க, பழி ஒரு நாக்கின் மேல் வந்து விழுகிறது. எழுபது வேளாளர் கதையின் உள்ளிருக்கும் எச்சரிக்கையும் அதுதானே: பொதுச் சபையில் பெண் பேச்சை நம்பினால் ஊர் எரியும்.

ஆகவே இவர்களை மீட்டெழுத வரும் புனைவை நான் ஒரே கேள்வியால் அளப்பேன். அவளைப் பேசவிடுகிறதா? லாரா எஸ்கிவெல் மலின்ட்சினைப் பற்றி எழுதிய மலின்ச்சே நாவல் அவளுக்குத் தெய்வங்களோடும் இயற்கையோடும் உறவு கொடுக்கிறது. 2025-இல் வந்த ‘லோகா’ மலையாளப் படம் கள்ளியங்காட்டு நீலியை, அரசனின் ஆட்களால் குடியே அழிக்கப்பட்ட காட்டுச் சிறுமியாக்கி, வானில் பாயவும் வைத்தது. நியாயம் திரும்பக் கிடைத்தது, நல்லதுதான். ஆனால் பறப்பதும் அடிப்பதும் நீலிக்கு ஒரு பதவி இறக்கம். அவள் சபையில் வாதாடி வென்றவள். அதேபோல மலின்ட்சினை மாயக்காரியாக்கினால், மூன்று மொழியை உழைத்துக் கற்ற அடிமைச் சிறுமியின் திறமை மந்திரக் கணக்கில் போய்விடும்.

இந்தத் தேர்வில் முதல் மதிப்பெண் ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு தமிழ் நூலுக்கு. பெயர் தெரியாத சமணப் புலவர் ஒருவர், சுமார் 10-ஆம் நூற்றாண்டில், இதே பழையனூர் நீலியை எடுத்துக்கொண்டு நீலகேசி எழுதினார். சுடுகாட்டுக் காளிக்கு உயிர்ப்பலி கொண்டுவந்தவர்களிடம், மண்ணால் செய்த உருவத்தைப் படைத்தால் போதும் என்கிறார் முனிச்சந்திரர் என்ற துறவி. அவரை மிரட்டி விரட்ட நீலி பழையனூரிலிருந்து வரவழைக்கப்படுகிறாள். மிரட்டுகிறாள், அழகியாகி மயக்கப் பார்க்கிறாள், எதுவும் பலிக்கவில்லை. முடிவில் அவரிடமே பாடம் கேட்டுத் தர்க்கம் கற்கிறாள். பிறகு ஊர் ஊராகப் போய் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதி, பூதவாதி என்று ஒவ்வொருவரையும் வாதத்தில் மடக்குகிறாள். எதிராளிகளில் புத்தரையும் புலவர் விட்டுவைக்கவில்லை. சமயப் பிரசாரம்தான், மறுக்கவில்லை. ஆனால் நீலியின் பலம் நாக்கு என்பதைக் கண்டுகொண்டு, அதைப் பிடுங்காமல் தீட்டிக் கொடுத்த எழுத்தாளர் அவர். 1936-இல் அ. சக்கரவர்த்தி நயினார் பழைய உரையோடு நூலைப் பதிப்பித்தார்.

நாஞ்சில் நாட்டு மக்கள் அவளை வேறு வழியில் மீட்டுக்கொண்டார்கள். இசக்கியாக்கிக் கோயில் கட்டி, பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள், மண்ணில் பிள்ளையுருவம் செய்து வைக்கிறார்கள். கள்ளியைப் பிள்ளையாக்கியவளிடம் பிள்ளை கேட்பது எவ்வளவு பொருத்தம். இசக்கியிடம் எனக்கு இருக்கும் ஒரே குறை, பேச்சுக்காரியைப் பேசாத சிலையாக்கியது.

பெண் சபையில் வாதாடுவது அந்தச் சமணப் புலவரின் ஆகாயக் கற்பனையா? மார்த்தாண்டத்தை அடுத்த சிதறால் மலைக்குப் போனால் விடை கிடைக்கும். திருச்சாரணத்து மலை என்ற அந்தப் பாறையில் தீர்த்தங்கரர் புடைப்புச் சிற்பங்களின் வரிசையும், சிங்கத்தோடும் பிள்ளைகளோடும் நிற்கும் அம்பிகா யட்சியும் இருக்கிறார்கள். பின்னாளில் அங்கே பகவதி குடிவந்தாள். 9-ஆம் நூற்றாண்டு ஆய் அரசன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, அரட்டநேமி பட்டாரரின் மாணவி குணந்தாங்கி குரத்திகள் தேவிக்குப் பொன் அணிகலன் கொடுத்ததைச் சொல்கிறது. குரத்தி என்றால் ஆசிரியை. கழுகுமலைக் கல்வெட்டுகளிலும் இப்படிப் பல குரத்தியர் பெயர் உண்டு. நீலகேசி எழுதப்படுவதற்கு முன்பே, நீலியின் காட்டிலிருந்து ஒரு நாள் நடையில், சமயம் கற்றுக் கற்பித்த பெண்கள் இருந்திருக்கிறார்கள்.

குணந்தாங்கி கொடுத்த பொன் கல்லில் ஏறியது, நடத்திய பாடம் ஏறவில்லை. நீலியை மறுபடி எழுத நினைக்கும் நாவலாசிரியர்கள் கள்ளியங்காட்டில் சுற்றியது போதும். ஒருமுறை சிதறால் ஏறிப் பார்க்கட்டும், பாதை அவ்வளவு செங்குத்தில்லை.